முன் பிரேக் குழாய் இரண்டு

ஹீட்டரின் வயிறு பிய்ந்து
பச்சைத் தண்ணீர் இரவெல்லாம் சொட்டியிருக்கிறது,
டாஷ்போர்டுக்குக் கீழே, தட்டில்,
இருபத்தொரு வருடமாக இடம் மாறாத நோட்டின் மேல்.
எடுத்தேன். ஊறிய ரொட்டியின் கனம்.
ஆகாத ஒரு தித்திப்பு வாசனை.

வண்டி எனக்கும் அக்கா மிலோய்காவுக்கும் பொது.
ஒற்றைப்படை மாதம் அவளுக்கு,
இரட்டைப்படை எனக்கு.
அவள் பென்சிலில் எழுதுவாள்.
நான் மைப்பேனா.
பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய திமிர்.
தண்ணீருக்கு அது தெரியவில்லை.
அவள் மாதங்கள் அப்படியே இருக்கின்றன:
"ஆயில். 94,310. மழை."
என் மாதங்கள் வெறும் நீல மேகம்.

முப்பது வயது தாண்டிய வண்டிக்குச் சான்று வாங்கப் போகிறாளாம்.
"வியாழனுக்குள் உன் பக்கத்தை எழுதிக் கொடு."
ஏன் நனைந்தது என்று கேட்கவில்லை.

தாளுக்குத் தாள் சமையலறைக் காகிதம் செருகினேன்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
பேனா அழுந்திய தடம் சில இடங்களில் எழுந்து வருகிறது,
போர்வைக்குள் முழங்கால் போல.
கதவு இடுக்கில் ஒட்டிய ஆயில் சீட்டு,
யெசெனிட்சே டயர் கடை ரசீது,
சோதனை நிலையத்துத் தாள்கள், வங்கிக் கணக்கு.
பொறுக்கிப் பொறுக்கிக் கிலோமீட்டரைக் கோத்தேன்.

ஒரு வரிக்கு மட்டும் டார்ச் தேவைப்படவில்லை.

2009 ஜூன்: "முன் பிரேக் குழாய் இரண்டும் புதிது."
எழுதினேன்.
மாற்றவில்லை.

ஆலையில் வாரம் மூன்று நாள்தான் வேலை.
பையன் ஆன்ஷேயின் பல்லுக்குக் கம்பி.
குழாயில் இருந்தது குதிகால் வெடிப்பு அளவுதான்,
இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று
நானே அதற்கு நாள் குறித்தேன்.
அவள் பங்கு நாற்பது யூரோவையும் வாங்கிக்கொண்டேன்.

ஜூலையில் அவள் விர்ஷிச் கணவாய்க்குப் போனாள்.
ஐம்பது கொண்டை ஊசி வளைவு,
வளைவுக்கு வளைவு எண் பலகை.
வீட்டில் உருளைக்கிழங்கு சீவியபடி
ஒன்றிலிருந்து எண்ணினேன்.
முப்பத்தொன்றில் விரலை அறுத்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை வந்தாள், பாலாடைக்கட்டியோடு.
வண்டியைக் கழுவிச் சாவியை மாட்டினாள்.
தப்பித்தேன், அவள் அல்ல, நான்,
என்றுதான் அன்று தோன்றியது.

அவள் பென்சில் சொல்கிறது:
"போவெட்ஸ். டயருக்குக் காற்று."
கிலோமீட்டர் இல்லை. அவள் விடவே மாட்டாள் அதை.
எண்ணுக்காகத்தான் அந்த ஊர்ப் பட்டறைக்குப் போன் போட்டேன்.
முதலாளியின் மகள் டாரிங்கா
அப்பாவின் பேரேட்டைத் தேடி எடுத்துப் படித்தாள்:
"ஜூலை பதினெட்டு. மஞ்சள் ரெனோ நான்கு. 1,18,402.
முன் பிரேக் குழாய் இரண்டு. தொட்டால் உதிர்கிறது.
ரொக்கம்.
ஓரத்தில் ஏதோ இருக்கு, இருங்க...
வண்டி நோட்டில் குறிக்க வேண்டாம் என்கிறார்."

அதுவரை உதைத்துக்கொண்டிருந்த கணக்கு
ஒரு நொடியில் நேரானது.
போனை வைக்கவும் மறந்தேன்.

அவளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டதாக நினைத்திருந்தேன்.
பதினாறு வருடம்
அவள் அதைக் குடிக்காமல்
கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.
ஒற்றைப்படை மாதம்தோறும் நோட்டைத் திறந்து,
என் அழகான கையெழுத்தைத் தாண்டி,
தன் வரியை எழுதி மூடியிருக்கிறாள்.

இப்போது வரி அழிந்துவிட்டது.
குழாயும் மாறியாகிவிட்டது.
ஜூனில் நான் எதை எழுதினாலும்
பிரேக் பிடிக்கும்.

புது நோட்டு. பென்சில்.
"ஜூன்: மாற்றவில்லை. நாற்பது யூரோ என்னிடம்.
ஜூலை 18, போவெட்ஸ்: இரண்டும் புதிது. மிலோய்கா. 1,18,420."
இரண்டு இருபது யூரோத் தாள்களை நடுவில் வைத்தேன்.

வியாழன். பானெட் மேல் நோட்டை விரித்து,
கண்ணாடி போட்டு, நின்றபடியே படித்தாள்.
அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நேரம் ஆனது.
பணத்தை எடுத்துப் பையில் போட்டாள்.
"கடைசி இரண்டு எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறாய்.
நாலு, பூஜ்யம், இரண்டு."
அழித்துத் திருத்தினாள்.
ரப்பர் தூளை ஊதினாள்.

"ஹீட்டர்," என்றாள், "உன் மாதத்தில்தானே போனது?"